மண்டூரம்

சுவரில் ஈரல் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கையும் காலும் வைத்து, காலுக்கு மஞ்சள் பூட்ஸ் மாட்டி, கட்டைவிரலை உயர்த்திக் காட்ட வைத்திருந்தான் எவனோ. நான் நலமாக இருந்தால் நீங்களும் நலம் என்று கீழே எழுதியிருந்தது. வரைந்தவன் ஈரலைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான், கறிக்கடைக்குக்கூடப் போயிருக்க மாட்டான், எதையோ தேடி எடுத்து ஒட்டியிருக்கிறான், பூட்ஸைக் கழற்றிவிட்டால் இதையே சிறுநீரகம் என்று பக்கத்து அறைச் சுவரில் மாட்டலாம் என்று ரூபவதி நினைத்தாள். மாட்டியும் இருப்பான், வேறென்ன. பாளையங்கோட்டையில் அந்த ஆஸ்பத்திரியின் மாடி வராந்தாவில் அவளுக்குப் பார்ப்பதற்கு அந்தச் சிரிப்பைத் தவிர எதுவும் இல்லை. பக்கத்து நாற்காலியில் மகள் நித்திலா காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதுக்கு அந்தக் கால்கள் தரையைத் தொட்டிருக்க வேண்டும். காலையிலிருந்து வெறும் வயிறு, ரத்தம் எடுத்த இடத்தில் ஒரு பஞ்சு, பஞ்சின் மேல் பிளாஸ்திரி. ஈரல் சேதமாகும்போது ரத்தத்தில் கசிய விடும் என்சைம் போன தடவை எகிறிப்போய் இருந்தது. இந்தத் தடவையும் இறங்கவில்லையென்றால் நாளைக் காலையில் பிள்ளையை மயக்கி, விலாவுக்கடியில் ஊசியை இறக்கி, நூல் அளவு சதையை எடுத்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லியிருந்தார் டாக்டர். நூல் அளவுதான் என்று சொல்லும்போது தன் சுண்டுவிரல் நகத்தைக் காட்டினார். நகம் நூலா? நூலுக்கும் நகத்துக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர் கையில் ஊசி. ஈரலுக்கு வலி தெரியாது என்றும் அவர்தான் சொன்னார். முக்கால்வாசி கெட்டுப்போகும் வரைக்கும் வாயைத் திறக்காதாம். திறக்காமல் சுவரில் ஏறி நின்று கட்டைவிரலைக் காட்டும்.

துரு என்று சொன்னார் அவர். சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை வருகிறவர், வந்த களைப்பை ஏதோ விருது மாதிரி முகத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறவர். முதல் தடவை பார்த்தபோது மேஜைமேல் கிடந்த ஒரு ஜெம் கிளிப்பை எடுத்துக் காட்டி, "இது மழைல கெடந்தா என்ன ஆகும்மா?" என்று கேட்டார். நித்திலாவிடம் கேட்டிருந்தால் மன்னித்திருக்கலாம். கேட்டது ரூபவதியிடம். பதினாறு வருஷமாகப் பெண்கள் பள்ளியில் வேதியியல் எடுக்கிறவளிடம். அவள் வாயைத் திறப்பதற்குள் செண்பகராஜ், அவள் புருஷன், முதல் பெஞ்சில் உட்கார்ந்த பையன் மாதிரி முந்திக்கொண்டு, "துருப்பிடிக்கும் சார்" என்றான். கரெக்ட் என்றார் டாக்டர். புருஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிள்ளைக்கு ஹெபடைடிஸ் பி, நாள்பட்டது, அது விலகாமல் உள்ளேயே குடியிருக்கிறது என்று கேள்விப்பட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு தகப்பன், கரெக்ட் என்ற ஒரு வார்த்தைக்குப் பூரித்துப்போனான். அந்த மாதிரிதான் ஈரலும் உள்ளே துருப்பிடிக்குது, எங்க பாஷைல ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்னு சொல்லுவோம் என்று டாக்டர் சொன்னதும், இவன், "ஸ்ட்ரெஸ்தான் சார், நானே சொல்லணும்னு நெனச்சேன், ஸ்கூல்ல ஹோம்வொர்க் ரொம்பக் குடுக்காங்க" என்றான். டாக்டர் சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. அதற்காகவே அவரை அவள் மன்னிக்கவில்லை. இப்போது அந்த செண்பகராஜ் வண்டியை நிழலில் விடப் போயிருக்கிறான். வெயில் நகர நகர நிழலும் நகருமே, அதனால் அவனுக்கு நாள் பூராவும் கீழே வேலை இருக்கும். கல்யாணம் ஆனதிலிருந்து எந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலும் அவன் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

ஆக்ஸிஜனேற்றம் என்பது எலக்ட்ரானை இழத்தல். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்லும். இழத்தல் என்று வாய் அகலத் திறந்து சொல்லும்போது எதை இழக்கிறோம் என்ற துக்கம் ஒருத்தி முகத்திலும் இருக்காது. துரு என்றால் ஏதோ மேலே வந்து ஒட்டிக்கொள்வது என்று உலகத்தில் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது இரும்பு தன்னையே கொடுத்துக் கரைவது என்று யாரும் நினைப்பதில்லை. கிருமி ஈரலைத் தின்பதில்லை. அதுகூட நாகரிகமானது, ஒரு மூலையில் உட்கார்ந்து தன்னைத் தானே நகல் எடுத்துக்கொண்டிருக்கும். உடம்பின் காவல்காரர்கள் இருக்கிறார்களே, வெள்ளையணுக்கள், அதுகள்தான் அதை விரட்டுகிறேன் என்று தீப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வருவது. பெராக்ஸைடைக் கொட்டும். கொட்டின இடத்தில் ஓர் எலக்ட்ரானைப் பறிகொடுத்த துணுக்குகள் வெறிபிடித்துத் திரியும். பறிகொடுத்தது பக்கத்தில் நிற்பதிடமிருந்து பறிக்கும். அது அதற்குப் பக்கத்தில் நிற்பதிடம். இப்படி வரிசையாகக் களவு போய்க்கொண்டே இருக்கும், கடைசியில் செல்லின் சுவரே ஓட்டையாகும். ஈரல் தன் கையிருப்பிலிருந்து எதையோ எடுத்துக் கொடுத்துக் கொடுத்துச் சமாதானம் பண்ணிப் பார்க்கும், கையிருப்பு தீர்ந்ததும் சும்மா இருந்துவிடும், பிறகு தழும்பு. இதையெல்லாம் அவளே தேடிப் படித்தாள். பிள்ளைகளுக்கு வந்தால் பெரும்பாலும் காவல்காரர்கள் பல வருஷம் கண்டும் காணாமல் இருப்பார்களாம், சகித்துக்கொள்ளும் காலம் என்று அதற்குப் பெயர். அந்தக் காலம் எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. நித்திலாவுக்கு முடிந்துவிட்டதா? ஒன்பது வயதிலேயேவா? ஏன் இவ்வளவு சீக்கிரம்? வைட்டமின் ஈ கொடுத்தால் நிற்குமா என்று கேட்டதற்கு, சில பிள்ளைகளுக்குக் கொஞ்சம் உதவினதுன்னு சொல்றாங்க, சிலருக்கு ஒண்ணும் பண்ணலை, இன்னும் பாத்துட்டிருக்காங்க என்றார் டாக்டர். தெரியாது என்பதை இவ்வளவு நீளமாகச் சொல்ல ஏழு வருஷம் படிக்க வேண்டியிருக்கிறது. அவர் நிச்சயம் நிற்கும் என்று சொல்லியிருந்தால் அதற்கும் அவரை இளப்பமாகத்தான் நினைத்திருப்பாள். அதுவும் அவளுக்குத் தெரியும்.

"ஏட்டி ரூபா, புள்ளைக்கு நாக்கு ஒட்டிக் கெடக்கும்லா. ஒரு வாய் தண்ணியாது குடுக்கலாம்லா" என்றாள் மைனி. செண்பகராஜின் அக்கா சொர்ணக்கனி, அடுத்த நாற்காலியில், மடியில் ஒரு வயர்கூடையை அணைத்துக்கொண்டு. "ஸ்கேன் எடுக்கணும்னு சொல்லியிருக்காவ மைனி. வெறும் வயிறா இருக்கணும்." "தண்ணி வயித்தயா நெரப்பிரும்?" "நெரப்பாது. ஆனா குடுக்கக் கூடாது." "டாக்டர்மாருக்கென்ன, சொல்லிட்டு அவுகபாட்டுக்கு இட்லி தின்னுட்டு வந்திருப்பாவ" என்று மைனி நித்திலாவின் தலையைத் தடவினாள். எண்ணெய்க் கை. இவளை யார் வரச் சொன்னது? தூத்துக்குடியிலிருந்து கார் கிளம்பும்போது முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டாள். கீழ்வீட்டில் இருப்பவள், தன் இரண்டு பையன்களையும் அடுப்பையும் அடுத்த வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு, கோயிலுக்குப் போகிற மாதிரிப் பட்டுக்கரைச் சேலை கட்டி. வரும் வழியெல்லாம் பேச்சு. காமாலைக்கு மந்திரித்தவர்கள் கதை, கண்ணில் சாறு பிழிந்து கிண்ணத் தண்ணீர் மஞ்சளாக மாறின கதை. மாறும், மாறாமல் என்ன, சுண்ணாம்பு போட்டால் எதுவும் மாறும். நாலாம் வகுப்புக்கு மேல் படிக்காதவளோடு வாதாடக் கூடாது என்று ரூபவதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மைனியிடம் அவள் எப்போதுமே வாதாடியதில்லை. சிரிப்பாள். சிரிப்பு போதும். ஒருநாள் சமையல்கட்டில் மைனி மீன் அலசிக்கொண்டே, "ஊருக்கு மேக்க ஒரு வைத்தியரு மண்டூரம்னு ஒண்ணு குடுக்காராம், வெளுத்த புள்ளையெல்லாம் செவந்து போவுதாம்" என்று சொன்னபோதும் அப்படித்தான் சிரித்தாள். "மைனி, மண்டூரம்னா என்னன்னு தெரியுமா? துரு. பழைய இரும்புல கழிஞ்ச கிட்டத்தப் புடம் போட்டு அரைக்கது. நம்ம கேட்டச் சொரண்டுனா கூட கெடைக்கும், வைத்தியரு எதுக்கு?" மைனி அலசுவதை நிறுத்தவில்லை. முகம் மட்டும் சட்டியைப் பார்த்துக் குனிந்தது. பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நல்ல சிரிப்பு என்று அன்று தனக்குத் தானே மெச்சிக்கொண்டாள் ரூபவதி.

எதிர் வரிசையில் ஒரு கைக்குழந்தை அழுதது. அதன் தாய், மிஞ்சிப்போனால் இருபது வயது இருக்கும், அதை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது, குழந்தைக்கு அல்ல, தாய்க்கு. ரூபவதி பார்வையை எடுத்துக்கொண்டாள். அவள் கண் மஞ்சளானதே இல்லை. நித்திலாவுக்குக் கண்டுபிடித்ததும் வீட்டில் பெற்றவர்களுக்கும் பாருங்கள் என்றார்கள். செண்பகராஜுக்கு இல்லை. அவளுக்கு இருந்தது. அவள் தாயிடமிருந்தோ, சின்ன வயதில் ஒரே ஊசியைக் கொதிக்க வைத்துக் கொதிக்க வைத்து ஊர் முழுக்கப் போட்ட கம்பவுண்டரிடமிருந்தோ, எங்கிருந்து வந்தது என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. அவளுக்குள் அது தூங்குகிறது. அவளை ஒன்றும் செய்யாமல், பிரசவத்தின்போது பிள்ளைக்கு மட்டும் கைமாற்றிக் கொடுத்துவிட்டு, மறுபடி தூங்கப் போய்விட்டது. பிரசவம் பார்த்தவள் அதற்கு முன்னால் ஒரு சோதனை செய்திருக்கலாம், செய்யவில்லை, பிறந்த அன்றே போட வேண்டிய தடுப்பூசியையும் போடவில்லை, ஆனால் தொட்டிலில் கட்ட ஒரு பொம்மை கொடுத்தாள். பொம்மை! செண்பகராஜுக்குத் தெரியும். அவனைத் தவிர வீட்டில் யாருக்கும் தெரியாது. வெளியில சொல்ல வேண்டாம் என்று அவன் சொன்னபோது அவள் அதைக் கோழைத்தனம் என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே சரி என்றாள். எல்லாருக்கும் சமைக்கிறாள். ஒரே பந்தியில் உட்காருகிறாள். அதனால் யாருக்கும் எதுவும் வராது என்று அவளுக்கு அச்சுப் பிசகாமல் தெரியும். ரத்தத்தில் போகும், எச்சில் பாத்திரத்தில் போகாது. எப்படி வந்ததாம் புள்ளைக்கு என்று கேட்டவர்களுக்கெல்லாம் செண்பகராஜ், "தண்ணில வந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். தண்ணியில் வருவது வேறு கிருமி. இருந்தாலும் அவள் திருத்தவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை அப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்திருப்பாள்.

"இரும்புச் சத்து மருந்து ஏதாவது குடுக்கறீங்களா?" என்று இன்று காலை கேட்டார் டாக்டர். போன மாத ரத்தத்தில் இரும்புச் சேமிப்பு கூடுதலாக இருந்ததாம், இன்றைக்கு மறுபடி பார்க்கிறாராம். டானிக், பேரீச்சம்பழ சிரப், ஏதாவது? என்ன கேள்வி! எரிகிற ஈரலில் இரும்பைக் கொண்டுபோய்க் கொட்டினால் பெராக்ஸைடோடு சேர்ந்து அந்த வெறிபிடித்த துணுக்குகள் எத்தனை மடங்காகும் என்று இவர் அவளுக்குச் சொல்ல வேண்டுமா? "நான் கெமிஸ்ட்ரி டீச்சர் டாக்டர்" என்றாள். அதற்கு என்ன அர்த்தமோ அந்த அர்த்தத்தில். அவர் பேனாவை எடுத்துக் காகிதத்தில் இல்லை என்று எழுதினார். அந்தப் பதில் நன்றாக இருந்தது என்று அறையை விட்டு வெளியே வரும்போது தோன்றியது. இப்போது, அந்தச் சிரிக்கிற ஈரலுக்கு எதிரில், அது அவ்வளவு நன்றாக இல்லை. எங்கேயோ ஒரு முள் மாதிரி நிற்கிறது. அவர் கேட்டது இரும்பு கொடுக்கிறீர்களா என்று. அவள் சொன்னது தன் வேலையை. கேள்வி அங்கேயே கிடக்கிறது, யாரும் எடுக்காமல். கொடுக்கவில்லை. முருங்கைக்கீரையைக்கூட நிறுத்திவிட்டாள். பிறகு இரும்பு எங்கிருந்து வரும்? காற்றிலிருந்தா? தூத்துக்குடிக் காற்றில் எல்லாம் துருதான், ஜன்னல் கம்பி, சைக்கிள், பள்ளிக்கூட கேட், கொடிக்கம்பி, எதைத் தொட்டாலும் விரலில் செங்காவி. நித்திலாவின் யூனிஃபார்ம் சட்டைப் பையில் அந்தக் கறை இருந்ததே. போன வாரம், அதற்கு முந்தின வாரமும். செம்பழுப்பாக, பையின் உள்மூலையில். பள்ளிக்கூட கேட்டைப் பிடித்துத் தொங்குகிறது சனியன் என்று ஏசிக்கொண்டு, சோப்புக்குப் போகாது என்று தெரிந்து, எலுமிச்சம்பழத்தை அரிந்து தேய்த்தாள், உப்பும் போட்டு. போய்விட்டது. இரும்புக் கறை, எலுமிச்சையின் அமிலத்துக்கு விலகும், அவ்வளவுதான் வேதியியல். கேட்டைப் பிடித்தால் கையில் இருக்கும். பையின் உள்மூலைக்கு எப்படிப் போகும்? கறையை எடுக்கத் தெரிந்தவளுக்கு அந்தக் கேள்வி ஏன் வரவில்லை? பையில் மடித்த காகிதத் துண்டு ஒன்றும் இருந்தது, பொட்டலம் மடித்த மடிப்பு, மிட்டாய்த் தாள் என்று நினைத்துத் தூரப் போட்டாள்.

அவள் மெதுவாக மைனியைத் திரும்பிப் பார்த்தாள். வயர்கூடை. அதன்மேல் கோத்த கைகள். கட்டைவிரல் நகக்கண்ணில் செம்பழுப்பாக ஒரு கோடு. மருதாணி என்று யாரும் நினைப்பார்கள். மருதாணி ஒரே ஒரு நகக்கண்ணில் மட்டும் நிற்குமா? அவளுக்குக் கோபம் வரவில்லை, முதலில் வந்தது ஒரு குளிர்ச்சி, கிட்டத்தட்ட இன்பம். அப்படியா சேதி. துருவைத்தான் தின்னக் கொடுத்திருக்கிறாள். துருப்பிடிக்கிற ஈரலுக்குத் துரு. இதைவிட ஒரு முட்டாள்தனத்தை யோசித்துக் கண்டுபிடிக்க முடியுமா, இந்தக் குடும்பத்தைத் தவிர இது எங்கே நடக்கும்? மனம் ஒரு வாக்கியத்தைச் செய்ய ஆரம்பித்தது. டாக்டர் எதிரில் சொல்ல வேண்டிய வாக்கியம். குரலை உயர்த்தாமல், மைனியின் முகத்தைப் பார்க்காமல், சுத்தமான எழுத்துத் தமிழில், என் கணவரின் தமக்கையார் என் அனுமதி இல்லாமல் என்று தொடங்கி. தமக்கையார் என்ற வார்த்தை அங்கே நன்றாக உட்கார்ந்தது. பிறகு வீட்டில் எல்லார் எதிரிலும் ஒருமுறை. பிறகு மாடிப்படிக்கு ஒரு கதவு போட்டுப் பூட்டு. வாக்கியத்தைத் திருப்பித் திருப்பி, கத்தியைச் சாணை பிடிப்பது மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "பாத்ரூம் எங்கன இருக்கு?" என்று மைனி எழுந்தாள். கூடையை நாற்காலியில் வைத்தாள், வைத்தவள் என்ன நினைத்தாளோ, மறுபடி எடுத்துக்கொண்டு போனாள். இவளுக்குத் திருட்டும் ஒழுங்காகத் தெரியவில்லை.

"நித்தி" என்றாள் ரூபவதி. "அத்தை உனக்கு ஏதும் மருந்து தாராவளா?" கால் ஆடுவது நின்றது. "தெரியாது." "தெரியாதுன்னா?" "அம்மாட்ட சொல்லக் கூடாதுன்னு." "நான் கேக்கேன்லா. சொல்லு. ஏச மாட்டேன்." நித்திலா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தாள். தாயின் முகத்தில் எது உண்மை, எது கேலி என்று பார்க்கப் பழகிப்போன கண். "பொடி. பங்குனித் திருவிழாலருந்து. தேன்ல கொழச்சுத் தருவாவ. ஸ்கூலுக்குப் போம்போது பொட்டலத்துலயும் தருவாவ, இன்ட்ரவெல்ல போட்டுக்கிடணும்." "நல்லாவா இருக்கும்?" "ஆணி மாதிரி இருக்கும்." "ஏட்டி, ஆணிய நீ எப்பத் தின்ன?" "தின்னல. நம்ம கேட்ட ஒருக்க நக்கிப் பாத்திருக்கேன்." சிரிப்பு வந்தது ரூபவதிக்கு, வந்து பாதியில் நின்றது. "வேண்டாம்னு சொல்ல வேண்டியதுதான? கட்டாயப்படுத்தினாவளா?" "இல்லையே. நாந்தான் தாங்க தாங்கன்னு கேட்டு வாங்குவேன். ஒரு நாள் மறந்துட்டாவ, நானே கீழ போய்க் கேட்டேன்." "எதுக்கு?" பிள்ளை பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டே சொன்னாள். "டப்பா தீந்துச்சுன்னா நான் சொகமாயிருவேனாம். சொகமாயிட்டா எனக்கும் கைலயே உருண்டை தருவாவளாம். அம்மாவே தரச் சொல்லிருவான்னு சொன்னாவ. அதான்."

உருண்டை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மைனி முதல்நாள் மீன்குழம்பையும் சோற்றையும் பெரிய சட்டியில் போட்டுப் பிசைவாள், வீட்டுப் பிள்ளைகள், தெருப் பிள்ளைகள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து கையை நீட்டும், வரிசையாக உள்ளங்கையில் உருண்டை விழும், சண்டை போட்டுக்கொண்டு வழித்துத் தின்னும். நித்திலா அந்த வட்டத்தில் இல்லை. வட்டத்துக்கு வெளியே, தனியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தட்டும் கரண்டியும். யார் வைத்தது அந்தக் கரண்டியை? மைனி வைக்கவில்லை. மைனி, "என்ன ரூபா இது, புள்ள ஏங்கிப் போவும்" என்று ஒருமுறை சொன்னாள். அதற்கும் சிரித்தாள், "சுத்தம்னு ஒண்ணு இருக்குல்லா மைனி" என்று. கூடச் சாப்பிட்டால் வராது, தொட்டால் வராது, கட்டிப்பிடித்தால் வராது என்று டாக்டர் சொன்னபோது, அதுதான் தெரியுமே என்று இளப்பமாகக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான். தெரிந்தேதான் வைத்தாள். அவர்கள் யாராவது என் பிள்ளையை ஒதுக்குவதற்கு முன்னால் நானே ஒதுக்கிவிட்டால் அதன் பெயர் அவமானம் இல்லை, ஒழுங்கு. ஒதுக்க நினைத்தவர் ஒருவரும் அந்த வீட்டில் இல்லை என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை, அவ்வளவு நல்லவர்களாக அவர்களை நினைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதே கிருமி அவள் ரத்தத்திலும். அவள் பந்தியில் உட்கார்ந்து, வெறும் கையால் பிசைந்து, மைனி வைத்த மீன் தலையை உறிஞ்சித் தின்றுகொண்டே, பிள்ளை கரண்டியை ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று கண்ணால் மிரட்டினாள். கரண்டி பிடித்தது பிள்ளை. ஒளிந்துகொண்டது தாய். பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் ஒரு குழந்தை, ஆணியின் ருசியுள்ள பொடியை இன்ட்ரவெல்லில் தனியாக நின்று விழுங்கியிருக்கிறது, ஒரு உருண்டைச் சோற்றுக்கு. சாணை பிடித்து வைத்த வாக்கியத்தைத் தேடினாள். தமக்கையார் மட்டும்தான் மிச்சம் இருந்தது, அதுவும் பல் இளித்துக்கொண்டு. ஒருத்தி சிரித்தாள், அதனால் இன்னொருத்தி மறைத்தாள், அதனால் மூன்றாமவள் விழுங்கினாள். சொல்லியிருந்தால் நிறுத்தியிருக்கலாம். சொல்லவிடாமல் செய்தது எது?

"நித்திலா" என்று நர்ஸ் கூப்பிட்டாள், லாவைப் பாடம் ஒப்பிக்கிற மாதிரி நீட்டி. ஸ்கேனுக்கு முன்னால் டாக்டர் பார்க்க வேண்டுமாம். செண்பகராஜ் இன்னும் நிழலோடு போய்க்கொண்டிருந்தான். பாத்ரூமிலிருந்து அவசரமாக வந்த மைனி முகத்தைக்கூடத் துடைக்காமல் பின்னாலேயே நுழைந்தாள், கதவருகே கூடையோடு நின்றுகொண்டாள். டாக்டர் காகிதத்தைப் பார்த்தபடியே, "இறங்கலைம்மா. இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கு" என்றார். "இரும்பும் அதிகம்தான். எங்கேருந்து வருதுன்னு எனக்குப் புரியலை. நாளைக்கு அட்மிட் பண்ணி ஊசிய எறக்கி சதைய எடுத்துப் பாத்துரலாம்." நித்திலாவின் கை தாயின் சேலையைப் பிடித்தது. ரூபவதி பேசினாள், குரல் அவள் நினைத்த குரலாக இல்லை. "மண்டூரம் டாக்டர். நாட்டு மருந்துப் பொடி, இரும்புத் துருதான். அஞ்சாறு மாசமா, தெனமும். வீட்ல குடுத்திருக்கோம்." டாக்டர் நிமிர்ந்தார். களைப்பெல்லாம் போய்விட்டது முகத்திலிருந்து. "காலைல கேட்டேனே. நீங்க கெமிஸ்ட்ரி டீச்சர்னு சொன்னீங்க." "ஆமா." "கெமிஸ்ட்ரி டீச்சர் வீட்லயா?" "ஆமா டாக்டர்." அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். அவள் தினமும் மற்றவர்கள்மேல் வீசுகிற பார்வைதான், இப்படித்தான் வந்து விழும் போலிருக்கிறது. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டரய்யா" என்றாள் மைனி கதவருகிலிருந்து. "நாந்தான் குடுத்தேன். புள்ள வெளுத்துக் கெடந்துச்சு. அவ படிச்சவ, சொன்னா சிரிப்பா. அதான் சொல்லல." டப்பாவைக் கூடையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள், கிட்டத்தட்டக் காலி.

டாக்டர் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து மூடினார். "என்சைம் ஏறினதுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். எரியற எடத்துல எண்ணெய் ஊத்தியிருக்கீங்க, அது மட்டும் தெரியுது. இத நிறுத்தி ஆறு வாரம் பாப்போம். எறங்கினா சரி. எறங்கலைன்னா ஊசியத் தவிர வழியில்லை, அப்போ தழும்பு எவ்வளவுன்னு பாத்துத்தான் மத்தது." நாளைய கட்டிலை வேண்டாம் என்று சொல்லிவிடும்படி நர்ஸிடம் கை காட்டினார். பிறகு ரூபவதியிடம் திரும்பி, "அந்தப் பொடிய நீங்களும் எடுத்துக்கிட்டீங்களா? ஏன்னா உங்களுக்கும்..." என்றவர் மைனியைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார், பேனாவின் மூடியைத் தேட ஆரம்பித்தார். அந்த மனிதருக்கு அவ்வளவு நாசூக்கு இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அவர் விட்ட இடத்தில் வாக்கியம் தொங்கியது. அப்படியே விட்டுவிடலாம், மைனிக்கு எதுவும் விளங்கியிருக்காது. "எனக்கும் இருக்கு மைனி" என்றாள் ரூபவதி. "அதே கிருமிதான். எங்கிட்டருந்துதான் அவளுக்கு வந்தது. தண்ணில வரல." நித்திலா தாயை நிமிர்ந்து பார்த்தாள், முதல் தடவையாக ஏதோ சுவாரசியமான சங்கதி கேட்ட மாதிரி. "உனக்குமாட்டி?" என்றாள் மைனி.

ரூபவதி காத்திருந்தாள். எல்லாருக்கும் ஆக்கிப் போட்டியே, என் புள்ளைகளுக்கும் சேத்து, ஒரு வார்த்தை சொன்னியா என்று வரும். வர வேண்டும். மைனியின் இடத்தில் அவள் இருந்தால் அதைத்தான் சொல்வாள், அதுவும் மெதுவாக, எழுத்துத் தமிழில். மைனி கூடையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டே எட்டில் வந்து அவள் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். எண்ணெய்க் கை, மீன் கை, நகக்கண்ணில் செங்காவி. கட்டைவிரலால் கீழிமையை அழுத்தி இழுத்து, உள்ளே எவ்வளவு சிவப்பு இருக்கிறது என்று சந்தையில் செவுளைப் பார்க்கிற அக்கறையோடு குனிந்து பார்த்தாள். "இவளும்லா வெளுத்துப்போய்க் கெடக்கா" என்றாள் டாக்டரிடம், ஆஸ்பத்திரிமேல் புகார் சொல்வதுபோல. "அம்மா, தயவுசெஞ்சு இவங்களுக்கு எதையும் குடுத்துராதீங்க" என்றார் டாக்டர். ரூபவதிக்கு ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது, என்ன பதில் என்று அதன்பிறகு எப்போதும் ஞாபகம் வரவில்லை. விரல் விடுவதாக இல்லை. மூட முடியாத அந்த ஒற்றைக் கண்ணால், அவ்வளவு பக்கத்தில், மைனியின் முகத்தை அவள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.